கடலோர வீட்டில் ஸ்மார்ட் கழிவறை: எங்கிருந்து தொடங்குவது?

இராமநாதபுரம் கடற்கரையில் குடிதண்ணீருக்குக் குடக்கணக்கு உண்டு. கழிவறைத் தண்ணீருக்குக் கணக்கே கிடையாது. காவிரிக் கூட்டுக் குடிநீருக்காகக் குழாயடியில் காத்திருந்து, அது வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய்வந்து, கோடை முற்றிவிட்டால் லாரித் தண்ணீரைக் குடம் 10 ரூபாய், 15 ரூபாய் என்று விலைக்கு வாங்கும் அதே வீட்டில், ஒருவர் சிறுநீர் கழித்துவிட்டுப் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் 10 லிட்டர் தண்ணீர் இறங்கிப் போய்விடுகிறது.

அந்தத் தண்ணீரோடு சேர்ந்து இன்னொன்றும் போகிறது. விடிய விடியக் கடலில் வலையிழுத்துவிட்டு வருபவர், வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவர், பாம்பன் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கிக் கரையேறும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளும் பெண், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஆகிய எல்லோருடைய உடம்பின் நிலையையும் சிறுநீர் ஓரளவு சொல்லிவிடும். தண்ணீரைக் குறைத்துச் செலவழிப்பது, சிறுநீரை வெளியேற்றும் முன் ஒருமுறை பரிசோதித்துவிடுவது என்ற இரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் செய்ய முயல்வதே ஸ்மார்ட் கழிவறை. அதைப் பற்றி முதன்முறையாக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துபாயில் வேலைபார்க்கும் என் காக்கா (அண்ணன்), முழங்கால் வலியும் சர்க்கரையும் உள்ள வாப்பாவுக்காக (அப்பாவுக்காக) ஒரு மின்னணு இருக்கையை வாங்கி அனுப்பினார். பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டில் அதைப் பொருத்தி, மூன்றே மாதத்தில் கழற்றி வைத்து, பிறகு வரிசையை மாற்றி முதலிலிருந்து தொடங்கினோம். அந்த வரிசையைத்தான் கீழே சொல்கிறேன்.

ஒரு பெயரில் மூன்று பொருள்கள்

கடையில் "ஸ்மார்ட் டாய்லெட்" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டப்படுவது, தானாகத் திறக்கும் மூடியும் வெந்நீர் பீய்ச்சும் குழலும் சூடேறும் இருக்கையும் கொண்ட மின்னணுக் கமோடு. அது கழுவிவிடும்; சிறுநீரில் எதையும் சோதிக்காது. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்டதுதான். வாப்பாவின் சர்க்கரையை அது பார்த்துச் சொல்லும் என்று காக்கா நினைத்திருந்தார். எனவே வாங்குவதற்கு முன் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: தண்ணீரைச் சிக்கனமாக்கும் அமைப்பு, உட்கார்ந்து எழுவதையும் கழுவுவதையும் எளிதாக்கும் மின்னணு இருக்கை, சிறுநீரைச் சோதிக்கும் கருவி. மூன்றுக்கும் விலை வேறு, தேவை வேறு, நம் ஊரில் பிழைத்து நிற்கும் காலமும் வேறு.

சோதிக்கும் கருவி புதிய கற்பனை ஒன்றுமில்லை. ஜப்பானில் டோட்டோ நிறுவனமும் டைவா ஹவுஸ் நிறுவனமும் சேர்ந்து, சிறுநீரில் சர்க்கரையை அளக்கும் கழிவறையை 2005ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் கம்பீர், செயுங்மின் பார்க் ஆகியோரின் குழு, சாதாரணக் கமோடில் பொருத்தக்கூடிய ஒரு சோதனை அமைப்பை 2020இல் வெளியிட்டது. மருத்துவமனை ஆய்வகத்தில் பயன்படும் அதே பத்து அளவுகள் கொண்ட சிறுநீர்ப் பட்டையைக் கருவி தானாக நீட்டும்; பட்டையின் நிற மாற்றத்தையும் சிறுநீர் வெளியேறும் வேகத்தையும் கேமரா படித்துக்கொள்ளும். பிரான்சின் விதிங்ஸ் நிறுவனம் யூ ஸ்கேன் என்ற கருவியை 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான அந்தக் கருவியைக் கோப்பையின் உட்புறத்தில் தொங்கவிட்டுவிடலாம். சிறுநீர் படுவதை உணர்ந்து, சில துளிகளை உறிஞ்சி, உள்ளேயிருக்கும் சோதனைப் பொதிகளில் ஒன்றில் செலுத்தி, நிற மாற்றத்தை ஒளியால் படித்து, வைஃபை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. அடுத்து இறங்கும் தண்ணீரே அதைக் கழுவிவிடுகிறது.

கடைசியாகச் சொன்ன இரண்டு கருவிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சிறுநீர் பட்டதும் நிறம் மாறும் ஒரு வேதிப்பொருள், அந்த நிறத்தைப் படிக்கும் ஒரு கண். கண் கேமராவாக இருக்கலாம், நம்முடையதாகவும் இருக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவாகிவிடும்.

முதலில் வீட்டை அளந்துகொள்ளுங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பிளம்பரை அழைக்கத் தேவையில்லை.

ஒருமுறை அமுக்கினால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். பிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்திலுள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டுப் பொத்தானை அமுக்குங்கள். டேங்க் காலியானதும் ஒரு லிட்டர் பாட்டிலால் அந்தக் கோடு வரை திரும்ப ஊற்றினால், எத்தனை பாட்டில் பிடித்ததோ அதுவே கணக்கு. பழைய டேங்குகளில் 10 லிட்டரும் அதற்கு மேலும் பிடிக்கும்.

அடுத்து கசிவு. அதே டேங்கில் ஒரு கரண்டி மஞ்சள்பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நிற்கும் தண்ணீர் மஞ்சளாகிவிட்டால், டேங்கின் அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். சத்தமில்லாத இந்தக் கசிவு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டரைக் கொண்டுபோய்விடும். உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் வாஷர் சீக்கிரம் தடித்துப் போகும். மாற்றும் செலவு மிகக் குறைவு. ஆனாலும் இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கருவி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதாகத் தண்ணீரின் உப்பு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. கடலோரப் போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். கழுவிவிடுவதற்கு அந்தத் தண்ணீர் போதும். ஆனால் மின்னணு இருக்கையின் நுண்ணிய குழலையும் மின் வால்வையும் அது அடைத்துவிடும்.

நான்காவது அளவு, தொட்டியின் உயரம். எங்களைக் கவிழ்த்தது இதுதான். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் கழிவறையின் வால்வுக்கும் இடையே ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றைத்தளக் காரை வீட்டின் மொட்டைமாடியில் தொட்டி இருந்தால் 4 மீட்டர், அதாவது 0.4 பார் தேறும். மின்னணு இருக்கைகள் பெரும்பாலும் 0.5 முதல் 0.7 பாராவது கேட்கின்றன. டேங்க் இல்லாத ஸ்மார்ட் கமோடுகள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். எங்கள் வீட்டு இருக்கையில் தண்ணீர் பீய்ச்சவில்லை, வழிந்தது. பெட்டியில் இருந்த கையேட்டில் குறைந்த அழுத்தம் அச்சிடப்பட்டிருந்தது. பொருத்த வந்தவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

கடைசியாக, கமோடு மாற்றும் எண்ணம் இருந்தால், பின்சுவரிலிருந்து கழிவுக்குழாயின் நடுப்புள்ளி வரையிலான தூரத்தையும், குழாய் தரையில் இறங்குகிறதா சுவருக்குள் போகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு அளவு பொருந்தாமல் தரையை உடைத்த வீடுகள் உண்டு.

தண்ணீரைக் குறைத்தல்

முழங்கால் ஒத்துழைக்கும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது, ஏற்கெனவே இருக்கும் குத்துக்கால் கழிவறையைக் கழற்றாதீர்கள் என்பதுதான். கொத்தனார்கள் ரூரல் பேன் என்று சொல்லும் கோப்பையின் சரிவு 25 முதல் 28 பாகை வரை இருக்கும். அதன் அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் பகுதியின் ஆழம் 20 மில்லிமீட்டர்தான். ஆகையால் மலம் கழித்த பின்பும் 1.5 முதல் 2 லிட்டர் ஊற்றினாலே கோப்பை சுத்தமாகிவிடும். எந்த மின்னணுக் கமோடும் இந்தக் கணக்கை எட்டுவதில்லை. தண்ணீர்ச் சிக்கனம் மட்டுமே உங்கள் நோக்கமென்றால் நல்ல கொத்தனார் ஒருவரும் ஒரு ரூரல் பேனும் போதும்.

கமோடு வேண்டியிருக்கும் வீட்டில் இரட்டைப் பொத்தான் பிளஷ் டேங்கைப் போடுங்கள். பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர், சிறியதற்கு 3 லிட்டர் என்பது வழக்கமான அளவு. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் நாளுக்கு ஐந்து முறை சிறுநீரும் ஒருமுறை மலமும் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் டேங்கில் நாளொன்றுக்கு 360 லிட்டர் போகும். இரட்டைப் பொத்தானில் சிறுநீருக்கு 90, மலத்துக்கு 36 என்று 126 லிட்டரோடு முடிந்துவிடும். மிச்சம் 234 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் பதினைந்து குடத்துக்கு மேல். நகர வீடுகளுக்கு ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வகுத்த இந்தியத் தர விதி அதில் 45 லிட்டரைக் கழிவறைக்கே ஒதுக்கியிருப்பதையும், ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மிச்சத்தின் அருமை விளங்கும்.

டேங்கை மாற்றப் பணமில்லாத வீட்டில், மணலோ தண்ணீரோ நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை டேங்குக்குள் நிறுத்தி வைத்தால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிஞ்சும். செங்கல்லைப் போட வேண்டாம். அது கரைந்து வால்வில் அடைத்துக்கொள்ளும். அளவை மிகவும் குறைத்துவிடவும் கூடாது. கழிவுக்குழாயின் சரிவு போதாத பழைய வீடுகளில் தண்ணீர் குறைந்தால் குழாய் அடைபடும். இரண்டு வாரம் கவனித்துப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டிலை வைக்கலாம்.

உவர்த் தண்ணீரைக் கழிவறைக்கு மட்டும் தனியே விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். விடலாம். ஹாங்காங் நகரம் 1950களின் இறுதியிலிருந்து கழிவறைகளுக்குக் கடல்நீரைத் தனிக்குழாயில் கொடுத்துவருகிறது. இன்று அங்கே ஏறத்தாழ 85 விழுக்காடு மக்களுக்கு அது கிடைக்கிறது. அங்கே கழிவுநீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. இங்கே அது நம் வீட்டுக் குழியிலேயே இறங்குகிறது. மணல் மேட்டில் நல்ல தண்ணீர் ஊறும் தங்கச்சிமடம் போன்ற இடங்களில், உவர்நீரைக் குழிக்குள் விடுவது பக்கத்து ஊற்றைக் கெடுப்பதாகும். நிலத்தடி நீர் ஏற்கெனவே கரித்துப்போன ஊர்களில் அந்தக் கவலை இல்லை. அங்கே போர் தண்ணீருக்கென்று தனியாக ஒரு சிறிய தொட்டியும் தனிக்குழாயும் வைத்து, அதைப் பிளஷ் டேங்குக்கு மட்டும் கொடுங்கள். மின்னணு இருக்கைக்கும், கையில் பிடித்துக் கழுவும் ஹெல்த் பாசெட் குழலுக்கும் அந்தக் குழாய் போகக் கூடாது.

குழியைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். உறை இறக்கிய உறிஞ்சிக் குழிக்கும் கிணற்றுக்கும் அல்லது அடிபம்புக்கும் இடையே குறைந்தது 10 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சிறுநீரிலுள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கலக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். கைக்குழந்தை உள்ள வீட்டார் தங்கள் கிணற்று நீரை ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மின்னணு இருக்கை யாருக்குத் தேவை?

பக்கவாதம் வந்தவர்கள், கை முடங்கியவர்கள், குனிய முடியாத முதியவர்கள் ஆகியோருக்கு அது பெரிய விடுதலை, மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை. வாங்குவதென்றால் அழுத்தத்துக்கு ஒரு சிறிய பூஸ்டர் பம்பும், நுழைவாயில் வடிகட்டியும், நல்ல தண்ணீர் இணைப்பும் வேண்டும். வெந்நீர் காய்ச்சும்போது 1200 முதல் 1500 வாட் வரை மின்சாரம் இழுக்கும் என்பதால், சரியான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் இல்லாமல் ஈரமான கழிவறைக்குள் இதைப் பொருத்தவே கூடாது. உப்புக் காற்று பிளக்கின் பித்தளைக் கால்களைப் பச்சை பூக்க வைத்துவிடும். மாதம் ஒருமுறை பாருங்கள். நம் ஊர் வெயிலில் இருக்கைச் சூட்டுக்கு வேலையில்லை, அதை அணைத்துவிடுங்கள். உட்காரும் முன் கோப்பையை நனைப்பது, எழுந்தவுடன் தானாகத் தண்ணீர் விடுவது ஆகிய இரண்டையும்கூட அணைத்துவிடுவதே என் பரிந்துரை. ஆள் அசைந்தாலே தண்ணீரை இறக்கிவிடும் உணரி, சேமித்ததையெல்லாம் திரும்பச் செலவழித்துவிடும்.

பட்டையில் தொடங்குங்கள்

இனி சிறுநீர். கருவி வாங்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் மூன்று மாதம் சாதாரணச் சோதனைப் பட்டையோடு பழகுங்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். மருந்துக்கடையில் பத்து அளவுகள் கொண்ட பட்டைப் புட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சர்க்கரை, புரதம், கீட்டோன், இரத்தம், அமிலக் காரத் தன்மை, அடர்த்தி எண், நைட்ரைட், வெள்ளணு, பிலிருபின், யூரோபிலினோஜன் என்பவை அந்தப் பத்து. ஸ்டான்ஃபோர்டு கழிவறை நீட்டியதும் இதே வகைப் பட்டைதான்.

காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரே சோதனைக்கு நல்லது. இரவு முழுக்கப் பையில் தங்கியிருப்பதால் அதில் எல்லாம் செறிந்திருக்கும். கிருமி இருந்தால் அது நைட்ரைட்டை உண்டாக்குவதற்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேண்டும். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் காய்ந்த சுத்தமான குவளையில் பிடியுங்கள். பினாயில் அல்லது பிளீச்சிங் பவுடர் பட்ட பாத்திரம் ஆகாது. பிளீச்சிங் பட்டால் இல்லாத சர்க்கரையும் இரத்தமும் இருப்பதாகக் காட்டும். பட்டையை ஒரு நொடி முக்கி எடுத்து, அதன் ஓரத்தைக் குவளை விளிம்பில் இழுத்து வடித்து, ஒரு கட்டத்தின் சாயம் இன்னொன்றில் கலக்காதபடி படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். சர்க்கரைக்கு 30 நொடி, புரதத்துக்கு 60 நொடி, வெள்ளணுவுக்கு இரண்டு நிமிடம் என்று புட்டியில் அச்சிட்டிருக்கும் நேரத்தில் ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு தெரியும் நிறத்துக்கு மதிப்பில்லை. மஞ்சள் பல்பின் கீழே படித்தால் நிறம் ஏமாற்றும்; முற்றத்து வெளிச்சத்துக்கு வாருங்கள்.

நம் கடற்கரையில் பட்டைக்கு முதல் எதிரி ஈரக்காற்று. புட்டியைக் கழிவறைக்குள் வைக்கக் கூடாது, குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. ஒரு பட்டையை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். உள்ளிருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை எறிந்துவிடக் கூடாது. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். புதுப் பட்டையின் கட்டங்கள் முக்கும் முன்பே நிறம் மாறியிருந்தால் புட்டி முழுவதும் கெட்டுவிட்டது.

படித்ததை எப்படிப் புரிந்துகொள்வது? நம் ஊருக்கு முதலாவதாகப் பார்க்க வேண்டியது அடர்த்தி எண். 1.005க்கும் 1.030க்கும் இடையே அது ஏறி இறங்கும். கடலுக்குப் போய்வந்தவருக்கும் உப்பளத்தில் நின்றவருக்கும் 1.025, 1.030 என்று வருமானால், உடம்பு தண்ணீருக்குத் தவிக்கிறது. இது ஒரு நாள் வந்தால் தண்ணீர் குடித்துச் சரிசெய்யலாம். ஒவ்வொரு நாளும் வந்தால் சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீரகச் சோர்வுக்கும் வழி திறக்கிறது. நோன்பு மாதத்தில் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு சோதித்தால் அடர்த்தி கூடியும் கீட்டோன் லேசாகவும் தெரியும். அது பட்டினியின் இயல்பான அடையாளம். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவற்றோடு கீட்டோன் அடர்ந்து தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதால் இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 160 உள்ளவரின் பட்டை சுத்தமாகவே இருக்கும். இதற்கு நேர்மாறாக, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதற்கென்றே கொடுக்கப்படுபவை; அவற்றைச் சாப்பிடுபவருக்குப் பட்டை எந்நாளும் சர்க்கரை காட்டும். வாப்பாவின் பட்டை முதல் நாளே கறுத்துத் தெரிந்து, உம்மா அழுதுவிட்டார்கள். "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா, பயப்படாதீங்க" என்று ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் மாத்திரை அட்டையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வீடு அமைதியானது. எனவே வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியலைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வைட்டமின் சி மாத்திரை இருக்கும் சர்க்கரையையும் இரத்தத்தையும் மறைக்கக்கூடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும்.

புரதம் ஒருமுறை லேசாகத் தெரிந்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். திரும்பவும் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கத்தில் இறங்கும் நுண்ணளவுப் புரதத்தைச் சாதாரணப் பட்டை பிடிக்காது. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் அல்புமின் கிரியாட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். அது 30க்குக் கீழே இருப்பது நல்லது. கர்ப்பிணிக்குப் புரதத்தோடு தலைவலி, பார்வை மங்கல், முக வீக்கம் ஆகியவை சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நைட்ரைட்டும் வெள்ளணுவும் சேர்ந்து, கூடவே எரிச்சலும் இருந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பாசி எடுக்கும் பெண்களும், கழிவறை இல்லாத வேலையிடங்களில் நாள் முழுதும் அடக்கிக்கொண்டிருக்கும் பெண்களும் இந்த இரண்டு கட்டங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் சோதனையைத் தள்ளிவையுங்கள். இரத்தம் வேறெந்தக் காரணமுமின்றித் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், காட்டிவிடுங்கள்.

கோப்பைக்குள் கருவி

இத்தனைக்கும் பழகிய பிறகு, தினமும் குவளை பிடிக்க முடியாத முதியவருக்காகவோ, அடிக்கடி கல் உண்டாகும் ஒருவருக்காகவோ, கோப்பைக்குள் தொங்கும் கருவியைப் பற்றி யோசிக்கலாம். அது கமோடில் மட்டுமே வேலை செய்யும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். கழிவறை வரை வைஃபை எட்ட வேண்டும். சோதனைப் பொதிகள் தீரத் தீர வாங்க வேண்டும் என்பதால், அவை இந்தியாவில் தொடர்ந்து கிடைக்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது யாராவது கொண்டுவருவார்கள் என்று நம்பி வாங்கினால், பொதி தீர்ந்த அன்றே கருவி வெறும் பிளாஸ்டிக்காகிவிடும். அது எந்தெந்த அளவுகளைச் சோதிக்கிறது என்பதையும் பாருங்கள். சில கருவிகள் இரண்டு மூன்றை மட்டுமே பார்க்கும். நம் வீட்டு நோய்க்கு வேண்டியது அதில் இல்லாமலும் போகலாம்.

ஒரே கழிவறையை ஆறு பேர் பயன்படுத்தும் வீட்டில் யாருடைய முடிவு யார் பெயரில் ஏறுகிறது என்பது சிறிய கேள்வி இல்லை. ஸ்டான்ஃபோர்டு குழு பிளஷ் கைப்பிடியில் கைரேகை உணரியையே வைத்தது. எனவே ஒருவருக்கென்று வாங்கும் கருவியை ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கழிவறையில் வையுங்கள். கர்ப்பம், நோய், மருந்து என்று மறைவாக வைத்திருக்க விரும்பும் செய்திகளைச் சிறுநீர் சொல்லிவிடும் என்பதால், கணக்கு யாருடைய கைப்பேசியில் இருக்கிறது என்பதும் அவரவர் ஒப்புதலோடு முடிவாக வேண்டும். 2023இல் இயற்றப்பட்ட இந்திய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைத் திரட்டும் முன் ஒப்புதல் கேட்கவும், கேட்டால் அழிக்கவும் வழிவகுக்கிறது. செயலியை நிறுவும்போது "பிறருடன் பகிரலாம்" என்ற கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தேவையற்றதை நீக்கிவிடுங்கள்.

கருவி உள்ள கோப்பையை அமிலத்தாலோ பிளீச்சிங்காலோ தேய்க்கும் முன் கருவியைக் கழற்றிவிட வேண்டும். கருவி இல்லாத வீட்டிலும் அமிலத்தையும் பிளீச்சிங்கையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. எழும்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். கோப்பையில் உப்புக்கறை படிந்தால் எலுமிச்சை உப்பைக் கரைத்து இரவில் ஊற்றிவைத்துக் காலையில் தேய்த்தால் போய்விடும்.

கருவி வைத்த முதல் மாதத்தில், அதே நாள் காலைச் சிறுநீரின் ஒரு பகுதியை ஆய்வகத்தில் கொடுத்து இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாதிரியை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டியிருந்தால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளர் வீட்டு வாசலுக்கே வருகிறார். அவர் வரும் நாளில் குறிப்பேட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். எங்கள் குறிப்பேட்டில் தேதி, நேரம், அடர்த்தி எண், சர்க்கரை, புரதம், முந்தைய நாள் குடித்த தண்ணீர் என்று ஆறு பத்திகள் மட்டுமே இருக்கின்றன. வாப்பா இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே எழுதுகிறார்.